ஃபிரிட்ஜுக்குத் தண்ணீர் லைன் போடலாமுங்களா?

வீட்டுச் சாதனங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஈரோடு பெருந்துறை ரோட்டில் ஃபிரிட்ஜ் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் பதில் சொல்கிறார்.

அய்யா, வணக்கமுங்க. தோட்டத்தில் புதுவீடு கட்டியிருக்கிறோம். கதவிலேயே தண்ணியும் ஐஸும் வருகிற பெரிய ஃபிரிட்ஜ் வாங்கியாச்சு. சிங்க் குழாயிலிருந்து வெள்ளை டியூப் இழுத்து, அலமாரிக்குப் பின்னால் ஓட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். ராத்திரியில் டியூப் பிய்த்துக்கொண்டால் வீடெல்லாம் தண்ணியாகிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். என்ன செய்யலாமுங்க?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

உங்கள் மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்குதுங்க அம்மணி. ஃபிரிட்ஜுக்குள் தண்ணீரை விடுவதும் நிறுத்துவதும் பின்பக்கம் கீழே இருக்கிற சோலனாய்டு வால்வு. கரண்ட் போனால் அது மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற டியூபுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. நீங்கள் தூங்கும்போதும் சரி, ஃபிரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கி வைத்தாலும் சரி, அதற்குள் தண்ணீர் அழுத்தத்தோடுதான் நிற்கும். நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை அந்தக் கால் இஞ்ச் டியூபிலோ அதன் முனைகளிலோ வந்தவைதான்.

பிரஷர் பம்பு வைத்த வீட்டில் டியூப் அறுந்தால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டராவது கொட்டும். ராத்திரி பத்து மணிக்கு அறுந்ததைக் காலை ஆறு மணிக்குப் பார்த்தால், மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் கிட்டத்தட்டக் காலி. அதோடு நின்றாலும் பரவாயில்லை. இப்போதெல்லாம் டேங்க் குறைந்தால் தானாக ஓடுகிற மோட்டார்தான் பல வீடுகளில். அது சம்பில் இருப்பதையும் மேலே ஏற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஒழுகாத லைன் போட்டால் மட்டும் போதாது. ஒழுகினால் எவ்வளவு தண்ணீர் வெளியே வரும், அது எங்கே வந்து நம் கண்ணில் படும் என்பதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும்.

முதலில் வால்வு. சிங்க் லைனில் தனியாக ஒரு ‘டீ’ (லைனை இரண்டாகப் பிரிக்கிற T வடிவ இணைப்பு) போட்டு, கால் சுற்றில் மூடுகிற பால் வால்வு வைக்கச் சொல்லுங்கள். அது சிங்குக்குக் கீழே, உங்கள் மாமியாருக்கும் கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். ஃபிரிட்ஜை நகர்த்தினால்தான் எட்டும் என்றால் அந்த வால்வு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். குழாயில் ஊசியால் ஓட்டை போட்டு மாட்டுகிற கிளாம்பு வால்வு மட்டும் வேண்டாம். நாளாக நாளாக அந்த ஓட்டையைச் சுற்றிக் கசியும், ஊசியும் சரியாக மூடாது.

அடுத்தது டியூப். அலமாரிக்குப் பின்னால் ஓட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சும்மா ஓட்டாமல் முக்கால் இஞ்ச் பிவிசி பைப்புக்குள் நுழைத்து, அந்தப் பைப்பை சிங்க் பக்கம் லேசாகச் சரிவு வைத்துப் போடுங்கள். உள்ளே டியூப் விட்டாலும் தண்ணீர் சிங்குக்குக் கீழே வந்து எட்டிப் பார்க்கும். இன்னொரு லாபமும் உண்டு. தோட்டத்துச் சாளைகளில் டியூபை அறுப்பது பாதிநேரம் எலிதான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கதகதப்பாக இருப்பதால் அது அங்கேதான் குடியிருக்கும். சொட்டுநீர் டியூபைக் கடிக்கிற எலிக்கு இந்த டியூப் எம்மாத்திரம்? மறைந்திருக்கிற இடத்தில் இடையில் ஜாயிண்ட் எதுவும் வேண்டாம், முழு நீளத்துக்கும் ஒரே டியூப். கூட்டிப் பெருக்க ஃபிரிட்ஜை இழுக்க வேண்டியிருக்குமே, அதற்காகப் பின்னால் இரண்டு சுற்று தளர்வாக விடுங்கள்.

பிளம்பர் முனையை வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் கோழிமுட்டை மாதிரி நசுங்கிவிடும், ஓரமும் சாய்ந்திருக்கும். அதை அப்படியே ஃபிட்டிங்கில் செருகினால் உள்ளே இருக்கிற ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தைக் கீறும். அன்றைக்குச் சொட்டுக்கூட விழாது. சில மாதம் கழித்து முனையில் வேர்வை மாதிரி பூக்க ஆரம்பிக்கும். கூர்மையான பிளேடால் நேராக வெட்டி, முனையை ஈரம் செய்து, தட்டுகிற வரைக்கும் உள்ளே தள்ளி, ஒரு தடவை இழுத்துப் பார்த்து, லாக் கிளிப்பை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் ஆள்களுக்குப் பொறுமை இருப்பதில்லை.

பழைய வீட்டிலிருந்து கழற்றி வந்த டியூபையோ ஓஸையோ திரும்பப் போடாதீர்கள். வெள்ளை டியூப் வருஷம் ஆக ஆக மஞ்சளாகி மொரமொரப்பாகிவிடும். ‘புது ஓஸையே போடவும், பழையதைப் பயன்படுத்தக் கூடாது’ என்று கையேட்டிலும் ஒரு வரி இருக்கும். வீட்டு மின்சாதனங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரமே அந்த வரியைக் கேட்கிறது.

கடைசியாக ஆர்ஓ கடையில் லீக் ஸ்டாப்பர் என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு சின்ன அட்டை வில்லை இருக்கும். நனைந்தால் ஊதிப் பெருத்து டியூபை அடைத்துவிடும். கரண்ட் தேவையில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தரையில், தண்ணீர் முதலில் தேங்குகிற பள்ளத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ப்ளக் பாயிண்ட் தரையிலிருந்து உயரமாக இருக்கட்டும், மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற சுவிட்ச்) இருக்கட்டும். நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது வால்வை மூடிவிட்டு ஐஸ் மேக்கரையும் ஆஃப் செய்துவிட்டுப் போங்கள்.

மாடி டேங்கிலிருந்து நேராக ஃபிரிட்ஜுக்கு லைன் கொடுத்திருக்கிறோம். டம்ளர் நிறையவே நேரமாகிறது. ஐஸ் பெட்டியில் கட்டி கட்டியாக உறைந்து கிடக்கிறது, சில நாள் தரையிலும் தண்ணீர். வால்வு போய்விட்டது என்று மாற்றினார்கள். திரும்பவும் அதே கதை.
வாசகர், பொள்ளாச்சி

வால்வு மேல் தப்பில்லைங்க, டேங்க் உயரம் பற்றவில்லை. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் அழுத்தம் ஏறக்குறைய 14 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு) வரும். உங்கள் டேங்க் ஃபிரிட்ஜுக்கு நான்கு மீட்டர் மேலே இருந்தால் ஆறுகூடத் தேறாது. கையேட்டைப் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும் பல ஃபிரிட்ஜ்கள் 20 முதல் 120 வரை கேட்கும். இந்த வால்வுக்குள் இருக்கிற ரப்பர் சவ்வை அழுத்தி மூட வைப்பதே உள்ளே வருகிற தண்ணீரின் அழுத்தம்தான். அது குறைந்தால் கரண்ட் நின்ற பிறகும் முழுசாக மூடாமல் கசியும். அந்தக் கசிவுதான் ஐஸ் தட்டில் வழிந்து, பெட்டியில் உறைந்து, மிச்சம் தரைக்கு வருகிறது. பலர் அழுத்தம் அதிகமானால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். நம் ஊர் வீடுகளில் பாதி வில்லங்கம் குறைவால் வருவது. எத்தனை வால்வு மாற்றினாலும் இது தீராது, ஒரு சின்ன பிரஷர் பம்பு வையுங்கள். வைத்தபின் மேலே சொன்ன டியூப் சமாச்சாரம் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

எங்களுக்கு போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) 1400 காட்டுகிறது. ஃபிரிட்ஜிலேயே ஃபில்டர் இருக்கிறதே, அது போதாதா?
வாசகர், திருப்பூர்

போதாதுங்க. அது கார்பன் ஃபில்டர். குளோரின் வாடையையும் கொஞ்சம் தூசியையும் எடுக்கும், உப்பை எடுக்காது. குடிநீருக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 10500, டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. டிடிஎஸ்ஸை மட்டும் பார்த்தால், வேறு தண்ணீர் இல்லாதபோது உங்கள் தண்ணீரைக் குடிக்கலாம், ஃபிரிட்ஜ்தான் தாங்காது. சுண்ணாம்பு வால்வுக்குள் படிந்து, ஒரு குருணை சவ்வுக்கு அடியில் மாட்டினால் போதும், ராத்திரியெல்லாம் சொட்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது, ஆர்ஓ டேங்கிலிருந்து லைன் எடுங்கள். சுவரில் மாட்டுகிற ஆர்ஓவின் பிளாஸ்டிக் டேங்கில் அழுத்தம் இருக்காது, அதனால் பிரஷர் சுவிட்ச் வைத்த குட்டி பம்பு ஒன்று நடுவில் வேண்டும். டேங்க் காலியானால் பம்பு நிற்க ஃப்ளோட் சுவிட்சும் வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயமே வேறு. டியூப் அறுந்தாலும் முதலில் கொட்டுவது அந்தப் பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான். அதன்பிறகு ஆர்ஓ மெதுவாகச் சுத்தம் செய்து விடுகிற அளவுக்குத்தான் வரும். மேல்டேங்க் முழுவதும் அடுக்களைக்கு இறங்காது. செம்பு டியூப் மட்டும் வேண்டாம், ஆர்ஓ தண்ணீர் அதை அரிக்கும்.

சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயம்புத்தூர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்ஓ வாங்க ஓடாதீர்கள். கொடுத்துவைத்தவர்கள் நீங்கள், கார்பன் ஃபில்டரே போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி.

லைனே இல்லாமல், கதவில் இருக்கிற தொட்டியில் கையால் ஊற்றுகிற ஃபிரிட்ஜ் வாங்கினால் என்ன குறை?
வாசகி, மேட்டுப்பாளையம்

ஒரு குறையும் இல்லை அம்மணி. நாலைந்து பேர் இருக்கிற வீட்டுக்கு அதுதான் என் சிபாரிசு. மொத்தமாக ஒழுகினாலும் சில லிட்டர், மாப் போட்டுத் துடைத்துவிடலாம். வாரம் ஒருமுறை தொட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். திரும்ப மாட்டும்போது வாயில் இருக்கிற ரப்பர் வாஷரை விட்டுவிடாதீர்கள், கதவோரம் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் அது சிங்க் மேடையில்தான் கிடக்கும்.