சம்பளக்காரர் ரிட்டர்ன் போட ஆடிட்டரிடம்தான் போக வேண்டுமா?

கேள்வி: "மாதச் சம்பளம் வாங்குகிறேன். இந்த வருஷம் கொஞ்சம் ஷேர் விற்றேன். ஐடி ரிட்டர்னுக்கு ஆடிட்டரைப் பார்க்கணுமா, பக்கத்துத் தெருவில் 500 ரூபாய்க்குப் போட்டுத் தருபவர் போதுமா?"

நம் ஊரில் கம்ப்யூட்டரும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஆடிட்டர் என்றுதான் பெயர். சட்டப்படி வரித் தணிக்கை செய்து கையெழுத்துப் போடக்கூடியவர், சிஏ (பட்டயக் கணக்காளர் படிப்பு) முடித்து பிராக்டிஸ் சான்றிதழும் வைத்திருப்பவர் மட்டுமே. மற்றவர்கள் வரி ஆலோசகர்கள், ஜிஎஸ்டி பிராக்டிஷனர்கள். அவர்களை மட்டம் தட்டவில்லை. திருப்பூரில் எட்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். எனக்கு ஜிஎஸ்டி போடுபவர் பி.காம். படித்த பிராக்டிஷனர்தான். மாதா மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி. எட்டாம் தேதியே போன் போட்டு, "அண்ணா, பில்லு இன்னும் வரலைங்களே" என்று உயிரை எடுத்துவிடுவார். அந்த வேலைக்கு எனக்கு சிஏ தேவையே இல்லை.

அடி வாங்கியது வீட்டம்மா விஷயத்தில். அவர் தனியார் பள்ளி ஆசிரியை. 2021இல் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் அறிமுகமானார்: "பிடிச்ச வரியை ரீஃபண்டா வாங்கித் தர்றேன் டீச்சர், வந்ததும் பத்து பர்சன்ட் குடுத்தா போதும்." 24 ஆயிரம் வந்தது, 2,400 கொடுத்தோம். அடுத்த வருஷம் வரவேண்டிய ரீஃபண்டு வரவில்லை. வருமான வரித் துறையில் அதைப் பழைய பாக்கியில் கழித்துக்கொண்டார்கள். எந்தப் பாக்கி? வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு ரிட்டர்ன் போட்டவரிடம், அவர் போனையே எடுக்கவில்லை. ஆதார் ஓடிபி போட்டு பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனால், ப்ரொஃபைலில் இருந்த மெயிலும் மொபைல் நம்பரும் அவருடையவை! வந்த நோட்டீஸ் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. ரிட்டர்னில் நாங்கள் கொடுக்காத நன்கொடை, கட்டாத வீட்டு வாடகை. வட்டியோடு கட்டினோம். பொய்க்கழிவு என்று அபராதம் விதித்தால் அந்த வரியைப்போல் இரண்டு மடங்கு வரை போகும். நல்லவேளை, அதுவரை போகவில்லை.

பொதுவாக, பலனில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேச சிஏக்களுக்கு அவர்களுடைய விதியே இடம் தராது. ஆகவே ரீஃபண்டில் பங்கு கேட்பவர் யாராக இருந்தாலும், நேரே வெளியே வந்துவிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் என்றால் வேலை கொடுத்தவர் தரும் படிவம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் இருக்கும்), வருமான வரித் தளத்தில் கிடைக்கும் ஏஐஎஸ் (உங்கள் வருமான விவரத் தொகுப்பு) இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே போடலாம். ஒரு மணி நேர வேலை. ஷேர் விற்றதால் பெரும்பாலும் ஐடிஆர் 2 என்ற ரிட்டர்ன் படிவம் வரும். புரோக்கர் தரும் லாப நஷ்டக் கணக்கை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த ஆலோசகர் போதும். பேச்சுவாக்கில், "ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்ததா, முன்னாடியே வித்ததா?" என்று அவரே கேட்கிறாரா பாருங்கள். கேட்காமல் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் ஆள் சரியில்லை.

எஃப் அண்ட் ஓ (ஷேர் மார்க்கெட்டின் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம்) ஆடியிருந்தால் கதை வேறு. அது வியாபார வருமானம், ஐடிஆர் 3. நஷ்டம் என்றாலும் காட்ட வேண்டும். அதற்கு சிஏவிடம் போங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பி இங்கே நிலம் விற்கிறார், தொழில் விற்பனை தணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது என்றாலும் அவரிடம்தான். தணிக்கை அறிக்கையில் அவர் போடும் 18 இலக்க யூடிஐஎன் எண்ணை (அந்த அறிக்கைக்கென்றே உள்ள தனி அடையாள எண்) சிஏ இன்ஸ்டிட்யூட் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். நான் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், எங்கள் சிஏ கோபித்துக்கொண்டதில்லை. வரி வழக்கு என்று வந்தால் வருமான வரித் தீர்ப்பாயம் வரை சிஏவே வாதாடலாம். உயர் நீதிமன்றம் போனால் வக்கீல்தான். உங்களுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

யாரிடம் போனாலும் போர்ட்டலில் உங்கள் மெயில், உங்கள் நம்பர். ஓடிபி சொல்வதற்கு முன்னால் ரிட்டர்னின் நகலை வாங்கி, கழிவுகள் இருக்கும் பக்கத்தை மட்டுமாவது வாசித்துவிடுங்கள். வீட்டம்மா இப்போது அந்தப் பக்கத்தைப் பரீட்சைப் பேப்பர் மாதிரி சிவப்புப் பேனாவோடுதான் திருத்துகிறார்.