18 பவுண்டர் குண்டின் பள்ளத்தில் அலைக்கோடுகள்: துருவா?

உங்களிடம் உள்ள பழைய பீரங்கிக் குண்டின் பள்ளத்தில் தெரியும் அலைக்கோடுகள் துருவா என்று கேட்டீர்கள். துரு இல்லை. அடிப்பக்கத்துப் பள்ளத்தில் தெரியும் அந்த அலை வரிகள் லேத்தில் வேண்டுமென்றே கடைந்தவை. முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கியின் குண்டில் (விட்டம் 3.3 அங்குலம்) அங்கே செம்பு வளையம் இருக்கும். வளையத்தை மாட்டி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சுற்றிலும் நெரித்து, பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். பீரங்கிக் குழலின் உட்புறச் சுழல்வரி செம்பைக் கடித்துத் திருகும்போது வளையம் தனியாக வழுக்கிவிடாமல் பிடிப்பது இந்த அலைகள்தான். பள்ளத்தின் ஓரங்கள் உட்சரிவாக இருப்பது அது கழன்று பறக்காமலிருக்க.

உங்களுடையதில் வளையத்தைச் செம்புக்காக யாரோ பெயர்த்திருக்கலாம். ஓரத்தை லென்ஸில் பாருங்கள். உளித்தழும்பு இருந்தால் அதேதான்.

இதெல்லாம் வெற்றுக் கூடாக இருந்தால் மட்டும். மூக்கில் ஃபியூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் கருவி) இருந்தாலோ, உள்ளே காலியா என்று தெரியாவிட்டாலோ தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள்.