'டெவில்ஸ் அட்வகேட்'னா என்ன? எப்போ யூஸ் பண்ணணும்?

ஒரு விஷயத்துல நமக்கே உடன்பாடு இருந்தாலும், அதுல எங்கயாவது ஓட்டை இருக்கான்னு பார்க்கறதுக்காக வேணும்னே எதிர்ப்பக்கம் நின்னு பேசறவரைத்தான் அப்படி சொல்றாங்க. சாத்தானோட வக்கீல்னு நேரா எடுத்துக்கிட்டா ஏதோ திட்டற மாதிரி இருக்கும், ஆனா திட்டு கிடையாது.

இது நிஜமாவே ஒரு பதவி தாங்க. கத்தோலிக்க சபைல ஒருத்தருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கறதுக்கு முன்னாடி, அவர் பேர்ல சொல்ற அற்புதமெல்லாம் உண்மைதானா, நடத்தைல குறை ஏதும் உண்டான்னு குடைஞ்சு குடைஞ்சு கேக்கறதுக்குன்னே ஒரு அதிகாரி இருந்தார், 1587ல போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் இதை முறைப்படி ஏற்படுத்தினார், அப்புறம் 1983ல இரண்டாம் ஜான் பால் அந்தப் பதவியோட பவரை ரொம்பவே குறைச்சுட்டார். அதுக்கப்புறமும் அன்னை தெரசா விஷயத்துல எதிர்த்து சாட்சி சொல்ல, அவரைக் கடுமையா விமர்சிச்ச எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸைக் கூப்பிட்டாங்க, அவரும் போய் சொன்னார்!

இப்போ மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மீட்டிங்ல எல்லாரும் ஒரு பிளானுக்குத் தலையாட்டிட்டு இருக்கும்போது ஒருத்தர் மட்டும் "லெட் மீ பிளே டெவில்ஸ் அட்வகேட், கஸ்டமர் இதை வேணாம்னுட்டா என்ன பண்ணுவோம்?"னு ஆரம்பிப்பார். 'பிளே'ங்கற வினையோடதான் பெரும்பாலும் வரும், கவனிச்சுக்கோங்க.

சில பேர் மனசுல இருக்கற சொந்தக் கருத்தையே இந்த முகமூடி போட்டு அவுத்து விடுவாங்க, அது வேற கேஸ். ஜெயிக்கறதுக்காகவே மல்லுக்கட்டறது விதண்டாவாதம், அதுக்கு இதை யூஸ் பண்ணாதீங்க.