பொசைடன் நிஜமாகவே பாசமான அப்பாவா?

'பெர்சி ஜாக்சன்' கதைகளில் வரும் பொசைடன், மகன் பெர்சிமேல் அக்கறை உள்ள கடல் கடவுள். பழைய கிரேக்கக் கதைகளிலும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பாசம் உண்டு, ஆனால் பயங்கரமான பாசம்.

பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் பொசைடனின் மகன். தன்னைக் குகையில் அடைத்து, தோழர்களையும் தின்ற அவனைக் குருடாக்கிவிட்டு காவிய நாயகன் ஒடிசியஸ் தப்புகிறான். மகன் அப்பாவிடம் முறையிட, பொசைடன் ஒடிசியஸை ஊர் திரும்பவிடாமல் பல ஆண்டுகள் அலைக்கழிக்கிறார். யார் முதலில் தப்பு செய்தது என்ற கேள்வியே அவருக்கு இல்லை.

பெர்சி ஜாக்சன் கதைகளை எழுதிய ரிக் ரியோர்டன் இதை அழகாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். 2006-இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் ஒற்றைக்கண் டைசன், பெர்சியின் அன்பான சகோதரனாக வருகிறான். குதிரைகளோடு பெர்சி பேசுவதும் பழைய மரபுதான். பொசைடன் குதிரைகளுக்கும் கடவுள்.

அப்புறம், நவீனக் கதைகளில் அதிகம் பேசப்படாத விஷயம் நிலநடுக்கம். ஹோமர் அவரைப் 'பூமியை உலுக்குபவர்' என்றே அழைக்கிறார். கி.மு. 373-இல் கிரேக்கத்தின் கொரிந்து வளைகுடாக் கரையில் இருந்த ஹெலிகே நகரம் நிலநடுக்கத்திலும் பேரலையிலும் அழிந்தது. பொசைடன் வழிபாட்டுக்குப் பெயர்போன ஊர் அது. அழிவுக்கும் அவருடைய கோபத்தையே காரணமாகச் சொன்னார்கள்.