சர்க்கரையைக் குறைத்தால் ஈஸ்ட்டின் ஆயுள் கூடுவது ஏன்?

ஒற்றைச் செல்லுக்கும் வயதாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ரொட்டி மாவில் போடும் ஈஸ்ட்டின் தாய் செல் சுமார் 25 முறை மொட்டு விட்டதும், அதாவது சேய் செல்லைப் பிரித்ததும், ஓய்ந்துவிடும். மொட்டு பிரிந்த இடத்திலெல்லாம் வட்டத் தழும்பு நிற்கும். சாயமேற்றி நுண்ணோக்கியில் எண்ணினால் வயது தெரிந்துவிடும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஆய்வகத்தில் வழக்கமாகக் கொடுக்கும் 2 சதவீத குளுக்கோஸை 0.5 ஆக்கினால் பல ரகங்கள் கூடுதலாக மொட்டு விடுகின்றன. சர்க்கரை கொட்டிக் கிடந்தால் ஈஸ்ட் ஆக்சிஜன் இருந்தாலும் நொதித்து எத்தனால் ஆக்கும், விறுவிறுவென வளரும். குறைந்தால்தான் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியா வழியாகச் சுவாசிக்கும். வளர்ச்சியை முடுக்கும் டார் புரதமும் அடங்கும்.

எனக்குப் பிடித்தது 2012இல் வந்த ஆய்வு: ஈஸ்ட்டுக்கு வயதாகும்போது முதலில் செல்லின் குப்பைக்கிடங்கான வாக்குவோலில் அமிலத்தன்மை குறைகிறது, மைட்டோகாண்ட்ரியா பழுதாவது அதற்கு அப்புறம்தான்.