மங்கலதேவி: ஒரு நாள் போதுமா?

அன்புள்ள ஐயா,

இந்தச் சித்திரைப் பௌர்ணமிக்கும் பளியங்குடி வழியாக, தமிழக-கேரள எல்லையில் கண்ணகி கோயில் இருக்கும் மங்கலதேவி மலைக்கு நடந்தே ஏறினேன். நெரிசலில் கண்ணகியின் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. வருடத்தில் ஒரே நாள், அதுவும் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றால் மனம் நிறையக் கும்பிடுவது எப்படி? பௌர்ணமிதோறும் திறந்துவிட்டால் என்ன? காட்டைக் காக்கிறோம் என்று சொல்லி நம் தெய்வத்தை நம்மிடமிருந்து பிரிக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. குமுளியில் வசிக்கும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கம்பத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. முழங்கால் வலியோடு என் அம்மா அந்த மலையில் வரிசையில் நின்றதையும், சன்னதியை நெருங்கிய நொடியிலேயே நகரச் சொன்னதையும் நான் மறக்கவில்லை. தண்ணீர், நிழல், முதலுதவி, வயதானவர்களுக்கான வழி ஆகியவற்றுக்காகத் தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களிடமும் நாம் உரக்கவே கேட்க வேண்டும். ஆனால் நாட்களைக் கூட்டுங்கள் என்ற கோரிக்கையில் என்னால் உங்களோடு சேர முடியாது.

கண்ணகிக்கு முதலில் அமைந்த கோயில் எது என்று எண்ணிப் பாருங்கள். சிலப்பதிகாரத்தின் குன்றக் குரவையில், மதுரையை விட்டு வந்தவள் நிற்பது வேங்கை மரத்தின் நிழலில். அவளைத் தெய்வமாகக் கண்டு முதலில் கும்பிட்டவர்கள் அம்மலையின் குறவர்கள். கல்லும் கருவறையும் பிறகு வந்தவை. அப்படியானால் அங்கே நிற்கும் மரமும் புல்லும் கோயிலைச் சுற்றியிருக்கும் வெற்றிடம் அல்ல, கோயிலின் பகுதிதான் என்றே நான் நம்புகிறேன்.

சித்திரையில் அந்த மலைமுகட்டுப் புல் எப்படி இருக்கும் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு வளர்ந்து, வைக்கோல் நிறத்தில் காய்ந்து, காலில் பட்டால் சரசரக்கும். அணையாத ஒரு பீடித் துண்டு போதும், காற்று வீசும் திசையில் சரிவு முழுவதும் எரிந்துவிடும். அந்தப் புல்லும் அதன் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலையும்தான் மழையைப் பிடித்துவைத்து ஓடைகளில் சிறுகச் சிறுக விடுகின்றன. பெரியாறு புலிகள் காப்பகத்தின் 925 சதுர கிலோமீட்டர் காட்டில் ஊறும் நீரில் ஒரு பகுதிதான் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக உங்கள் பக்கம் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் அதுவே ஆதாரம். உங்கள் வீட்டுச் சோற்றுக்கும் இந்தக் காட்டின் அமைதிக்கும் உறவு உண்டு என்பதை ஊர்க் கூட்டங்களில் நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

காட்டைக் காப்பது அதிகாரிகளின் வேலை மட்டுமல்ல என்பதைக் குமுளிப் பெண்கள் எனக்குக் கற்பித்தார்கள். 2002 முதல் வசந்தசேனை என்ற பெயரில் அவர்கள் சிறு குழுக்களாக, முறைவைத்து, கூலி எதுவும் வாங்காமல் காட்டுக்குள் ரோந்து போகிறார்கள். வீட்டில் உலை வைத்துவிட்டு வந்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வேலியோரம் நடக்கிற அந்த நடையை நான் வழிபாடு என்றே சொல்வேன். ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை, அதாவது காட்டு இலவங்கப் பட்டை, உரித்து விற்றவர்களும் பிற்பாடு இதே காட்டில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். மனிதர்கள் மாறுவார்கள் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு அவர்களே காரணம்.

மற்றப் பௌர்ணமிகளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கூடுவதற்கு மலைமேல்தான் போக வேண்டும் என்பதில்லை. கூடலூரிலும் கம்பத்திலும் குமுளியிலும் மலை தெரியும் ஓரிடத்தில் இருட்டும் வேளையில் சேருவோம். விளக்கேற்றி, குரவைப் பாட்டு தெரிந்தவர்களைப் பாடச் சொல்லி, பிறகு சிறிது நேரம் பேசாமல் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். நானும் சிலரும் எங்கள் தெரு மொட்டை மாடியில் இதைச் செய்துவருகிறோம். மலை முழுவதும் இருண்டு, ஒரு விளக்குகூட இல்லாமல், நிலா மட்டும் முகட்டில் ஏறும்போது, நெரிசலில் கிடைக்காத அந்த ஒரு நிமிடம் எனக்கு அங்கே கிடைத்திருக்கிறது.

அடுத்த சித்திரைக்கு வரும்போது ஒரு துணிப்பை கொண்டுவாருங்கள். நீங்கள் பளியங்குடிப் பக்கம் இறங்கும்போதும், நான் குமுளிப் பக்கம் இறங்கும்போதும், வழியில் கிடக்கும் காகிதத்தையும் உறைகளையும் பொறுக்கிக்கொண்டே இறங்குவோம். அதற்கு முன் மேலே சந்திக்கலாம். என் அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்.