வகுப்பறையில் தொழில்நுட்பத்தை ஆசிரியர்கள் எப்படி உருப்படியாகப் பயன்படுத்தலாம்?

அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 38 பேர், ஒரு ஸ்மார்ட் போர்டு, என் கைப்பேசி. இவ்வளவுதான் சாமான். ஆளுக்கொரு டேப்லெட் வைத்திருக்கும் பள்ளிக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம்.

போர்டு வந்த புதிதில் மின்னோட்டவியல் பாடத்துக்கு இருபது நிமிட வீடியோ போட்டேன். பிள்ளைகள் இமைக்காமல் பார்த்தார்கள், எனக்கும் தொண்டைக்கு ஓய்வு. மறுநாள் ஒரு கேள்வி கேட்டேன்: தொடரிணைப்பில், அதாவது ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரி இரண்டு பல்பு, எது பிரகாசமாக எரியும்? நன்றாகப் படிக்கிற பெண்ணே, "முதல் பல்புதான் டீச்சர். அது எடுத்தது போக மிச்சம்தானே அடுத்ததுக்குப் போகும்?" என்றாள். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் விளக்கமும் கொடுத்தான்: "முன்வீட்டுக்காரங்க மோட்டார் போட்டா கடைசி வீட்டுக்குத் தண்ணி வராதுல்ல, அதான்."

இரண்டு பல்பிலும் ஒரே மின்னோட்டம்தான் என்று வீடியோ தெளிவாகவே சொல்லியிருந்தது. தெருக்குழாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் அது எடுபடவில்லை. அவன் மனதில் குழாய் இருப்பதே எனக்கும் அதுவரை தெரியாது. அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் கேள்வி, பிள்ளைகள் பதில் சொன்ன பிறகுதான் கருவி.

பதிலை வாங்கவே ஒரு கருவி உண்டு. பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகளிடம் கைப்பேசி தேவையில்லை. ஆளுக்கொரு அட்டை, அதில் க்யூஆர் மாதிரி ஒரு கறுப்பு வடிவம். எந்தப் பக்கத்தை மேலே தூக்கிப் பிடிக்கிறார்களோ அதுதான் அவர்கள் விடை: ஏ, பி, சி, டி. கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு என் கைப்பேசியை வகுப்பின் மீது ஒரு சுற்று காட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று பெயரோடு வந்துவிடும். ஒவ்வொரு அட்டையும் வேறு வடிவம் என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. இதில் எனக்குப் பெரிய லாபம், வாயே திறக்காத பத்துப் பன்னிரண்டு பேரின் பதில்கள். கையைத் தூக்கச் சொன்னால் எப்போதும் அதே நான்கு பேர்தானே தூக்குவார்கள்?

விடையை உடனே சொல்லிவிடக் கூடாது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் தொடங்கிய முறை இது. கேள்வி கேட்பார், வாக்கு வாங்குவார். விடைகள் இரண்டுபட்டு நின்றால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி மறுபடி வாக்கு வாங்குவார். என் வகுப்பில் அந்த மூன்று நிமிடம் சந்தைக்கடைதான். ஒருமுறை ஹெச்.எம். வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் போர்டைத் தொடுவேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற இணையதளத்தில் மின்சுற்று கட்டிப் பார்க்கும் விளையாட்டு ஒன்று இலவசமாக இருக்கிறது. முதல் பல்புக்கு முன்னால், நடுவில், கடைசியில் என மூன்று இடத்தில், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைக்கச் சொன்னேன். மூன்றிலும் ஒரே எண். மோட்டார் கதை சொன்னவனே எழுந்து வந்து மூன்றாவது தடவையும் வைத்துப் பார்த்தான்.

நிஜ பல்பிலேயே காட்டலாமே என்பீர்கள். காட்டினேன். டார்ச் பல்புகள் இரண்டு அச்சாக ஒன்றுபோல் அமைவதில்லை. ஒன்று கொஞ்சம் மங்கலாக எரிந்தது, "பாத்தீங்களா டீச்சர்!" என்று கொண்டாட்டம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். மங்கல் அந்தப் பல்போடு சேர்ந்தே இடம் மாறியது. திரையும் சாமானும் இரண்டும் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். இத்தனைக்கும் போர்டு ஓடியது ஏழெட்டு நிமிடம்.

இன்னொன்று, இதற்கு இணையமும் வேண்டாம். எங்களிடம் ஒழுங்காக வேலை செய்யும் நுண்ணோக்கி ஒன்றே ஒன்று. 38 பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பார்ப்பதற்குள் பீரியடே முடிந்துவிடும், பாதிப்பேர் பார்ப்பது தங்கள் இமைமுடியைத்தான். இப்போது கண்ணருகு லென்ஸ்மேல் கைப்பேசிக் கேமராவை வைத்து, படத்தைக் கேபிள் வழியே போர்டில் விடுகிறேன். வெங்காயத்தோலின் செல்சுவரை ஒரு பிள்ளை விரலால் தொட்டுக் காட்ட, வகுப்பே சேர்ந்து பேச முடிகிறது. கை நடுங்கினால் படமும் ஆடும், ஒரு ரப்பர்பேண்ட் போதும்.

வீட்டுப்பாடமாக வீடியோ அனுப்புவதை நிறுத்திவிட்டேன். 2018-ல் வந்த புதிய பாடநூல்களிலிருந்தே க்யூஆர் குறியீடு இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல வீடுகளில் போன் ஒன்று, அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு அது வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

ஃபெட் பக்கங்களை முதல்நாள் இரவே மடிக்கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளிக்கர்ஸ் அட்டைகளைத் தளத்திலிருந்தே எடுத்து அச்சடிக்கலாம். ஆசைப்பட்டு அவற்றை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கேமராவுக்கு அட்டை தெரியாது. நான் நாற்பது அட்டைக்கும் காசு கொடுத்து லேமினேட் போட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கத்தரித்துப் பிரித்தேன். இப்போது இருப்பவை பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டியவை.